ஓம் கண்ட கணக்கும் சேதராப்பட்டு மோட்டாரும்

புதுச்சேரிக்கு வடமேற்கே இருக்கிறது சேதராப்பட்டு தொழிற்பேட்டை. அங்கே ஓடும் மோட்டார்களின் மேல் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். அதில் இத்தனை வோல்ட், இத்தனை ஆம்பியர், இத்தனை வாட் அல்லது குதிரைத்திறன் என்று எழுதியிருக்கும். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த ஓம் விதிதான் அந்தத் தகட்டிலும் இருக்கிறது. ஆனால் அந்தச் சின்ன விதி உலகத்தில் நிலைபெற எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா?

பூட்டுத் தொழிலாளியின் மகன்

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டு செய்பவர். ஓம் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே, பள்ளி ஆய்வகத்தில் சோதனைகள் செய்தார்.

அந்தக் காலத்து மின்கலங்களின் அழுத்தம் ஒரே சீராக நிற்காது. அதனால் 1825-ல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரமே தவறாகிப் போனது. பிறகு பொகன்டார்ஃப் என்ற அறிஞர் ஒரு யோசனை சொன்னார். மின்கலத்துக்குப் பதில், செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த வெப்ப இணையைப் பயன்படுத்தலாம் என்றார். ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். இரண்டின் வெப்பநிலையும் மாறாது, அதனால் அழுத்தமும் மாறாது! ஒரே தடிமனில், வேறு வேறு நீளத்தில் எட்டு செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து அளந்தார். கம்பி நீள நீள மின்னோட்டம் குறைந்தது. 1827-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை

சொந்த நாட்டில் பெரிய வரவேற்பு இல்லை. கொலோன் வேலையையும் விட்டுவிட்டு, பல ஆண்டுகள் குறைந்த வருமானத்தில் காலம் தள்ளினார். 1841-ல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது.

ஜூல் சேர்த்த மறுபாதி

மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடாகிறது. எவ்வளவு சூடாகும்? இங்கிலாந்தில் மதுபான ஆலை நடத்திய குடும்பத்து இளைஞர் ஜேம்ஸ் ஜூல், கம்பிச் சுருளைத் தண்ணீரில் வைத்து வெப்பமானியால் அளந்தார். 1840-ல் அவர் கண்ட விடை: வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு!

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்
வெப்பமாகும் திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை

கணக்குப் போடாமல் கெட்ட கேபிள்

1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்திக் கேபிள் போடப்பட்டது. விக்டோரியா ராணியின் 98 சொற்கள் கொண்ட செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. வேகம் போதவில்லை என்று வைல்ட்மன் வைட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட் அழுத்தத்தைக் கொடுத்தார். ஏற்கெனவே குறைகள் இருந்த கேபிளின் காப்பு அதைத் தாங்கவில்லை. சில வாரங்களிலேயே கேபிள் செத்துப்போனது. சரியாக அளப்பதற்குப் பொதுவான அலகு வேண்டும் என்பது அப்போது எல்லோருக்கும் உறைத்தது. மின்தடைக்கு அளவுகோல் நிர்ணயிக்க 1861-ல் பிரிட்டனில் குழு அமைந்தது. 1881-ல் பாரிஸ் மாநாட்டில் வோல்ட், ஓம், ஆம்பியர் மூன்றும் உலக அலகுகள் ஆயின. பள்ளி ஆசிரியரின் பெயர் அலகாகவே நிலைத்துவிட்டது.

பைக்காராவில் அதே கணக்கு

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து கோயம்புத்தூருக்கு 66,000 வோல்ட்டில் மின்சாரம் வந்தது. ஏன் அவ்வளவு அழுத்தம்? எளிமைக்காக இரண்டு கம்பிப் பாதை என்று வைத்துக்கொண்டு பாருங்கள். கம்பியின் மொத்தத் தடை 10 ஓம், அனுப்ப வேண்டியது 10 லட்சம் வாட்.

6,600 வோல்ட்டில்: மின்னோட்டம் சுமார் 151.5 ஆம்பியர். வழியில் வீணாவது ஏறக்குறைய 2,29,500 வாட்.
66,000 வோல்ட்டில்: மின்னோட்டம் சுமார் 15.15 ஆம்பியர். வீணாவது 2,295 வாட் மட்டுமே.

அழுத்தம் பத்து மடங்கு கூடினால் நஷ்டம் நூறில் ஒரு பங்காகிறது!! கோவையின் பஞ்சாலைகளுக்கும் கிணற்று மோட்டார்களுக்கும் மலையிலிருந்து மின்சாரம் கட்டுப்படியானது இப்படித்தான். நெய்வேலி மின்சாரம் புதுச்சேரிக்கு வருவதும் இதே வழியில்தான்.

லோ வோல்டேஜ் செய்யும் வேலை

230 வோல்ட்டில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி இழுப்பது 4.35 ஆம்பியர். தடை 52.9 ஓம். அழுத்தம் 180 வோல்ட்டாக இறங்கினால் (சூட்டால் தடை சற்று மாறுவதை விட்டுவிட்டால்) மின்னோட்டம் 3.4 ஆம்பியர், திறன் 612 வாட். பெட்டி மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதான். கெட்டுப்போகாது.

மோட்டார் கதை தலைகீழ். தண்ணீரை இறைத்தே ஆக வேண்டும் என்று சுமை அதன் தலையில் இருக்கிறது. அதே வேலையைக் குறைந்த அழுத்தத்தில் செய்ய, அதிக மின்னோட்டத்தை இழுக்கும். 230-க்குப் பதில் 180 என்றால் மின்னோட்டம் சுமார் 1.28 மடங்கு. ஜூல் சொன்னபடி காயிலின் சூடு 1.63 மடங்கு! சூடு ஏற ஏறக் கம்பியின் மேல் பூசிய காப்பு கருகும். பிறகு மோட்டாரைக் கழற்றி, காயில் கட்டும் கடைக்குத் தூக்கிப்போக வேண்டியதுதான். நடவு நேரத்தில் இப்படி ஆனால் பாகூர், வில்லியனூர் பக்கத்து விவசாயிக்குக் காயில் கட்டும் செலவோடு போகாது, பயிரும் காயும்.

ஆகவே மோட்டார் வைத்திருக்கும் வீட்டில் வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் அலங்காரத்துக்கு இல்லை. தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரை முள் தாண்டினால் சுவிட்சை அணைப்பதுதான் புத்திசாலித்தனம். கொலோன் பள்ளி ஆய்வகத்தில் எட்டுக் கம்பிகளை வைத்து ஒருவர் போட்ட கணக்கு, இங்கே ஒரு போகத்தையே காப்பாற்றும்.