லேஅவுட் டேப்: ஜன்னலா, போட்டோவா?

போன மாசம் ஒரு நாள் காலையில, ஆர்க்கிடெக்டா வேலை பாக்குற என் தோழி போன் பண்ணினா. "உங்க சாஃப்ட்வேர்காரங்க எல்லாரும் பொய் சொல்றீங்கடா"ன்னு ஆரம்பிச்சா. விஷயம் இதுதான். அவங்க ஆபீஸ்ல பிளான் ஒரு ஃபைல்ல இருக்கும், பிரிண்ட் எடுக்கிற ஷீட்டுகள் இன்னொரு ஃபைல்ல இருக்கும். ஷீட் ஃபைல் பிளானை எக்ஸ்ரெஃப்பா, அதாவது வெளியிலிருந்து இணைச்சு, இழுத்துக் காட்டும். முந்தின நாள் ராத்திரி ஷீட் லிஸ்ட்ல மவுஸை வெச்சிருக்கா. வந்த குட்டிப் படத்துல படிக்கட்டு பழைய இடத்துலயே இருந்திருக்கு. "ஜூனியர் பையன் மறந்துட்டான்போல"ன்னு அவளே பிளானைத் திறந்து படிக்கட்டை 300 மில்லிமீட்டர் தள்ளிட்டா. பையன் மறக்கலை. சாயங்காலமே தள்ளியிருந்தான். பிளாட்டர்ல வந்த தாள்ல படிக்கட்டு 600 தள்ளி நின்னுச்சு. சைட்ல மேஸ்திரி அளந்து பார்த்து, "மேடம், லேண்டிங் ஜன்னல்ல போய் இடிக்குதே"ன்னு கேட்டதால கான்கிரீட் போடறதுக்கு முன்னாடியே தப்பிச்சுது.

ஷீட் சரியா இருந்தது. ஷீட்டோட படம்தான் பழசு. ஒரே மென்பொருளுக்குள்ள இது ரெண்டும் ஏன் வேற வேற? அதைக் கேட்கப்போனா கதை ரொம்ப தூரம் பின்னாடி போகுது.

கையால வரைஞ்ச காலத்துல இந்தக் கேள்விக்கே இடமில்லை. முதல் வருஷ இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் கிளாஸை ஞாபகப்படுத்திப் பாருங்க. மினி டிராஃப்டரைத் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஏறினவங்களுக்குத் தெரியும். முதல்ல தாளை ஒட்டணும், பார்டர் போடணும், மூலையில டைட்டில் பிளாக், அப்புறம் ஸ்கேல் முடிவு பண்ணணும். அதுக்கப்புறம்தான் முதல் கோடு. அங்கே வரைபடமும் தாளும் ஒண்ணுதான். தாளைப் பார்த்தா வரைபடத்தைப் பார்த்த மாதிரி.

அதை முதல்ல பிரிச்சது 1963ல எம்.ஐ.டி.யில ஐவன் சதர்லேண்ட். லிங்கன் ஆய்வகத்துல இருந்த டிஎக்ஸ்-2 கம்ப்யூட்டர்ல, லைட் பேனாவால திரையிலேயே வரையற ஸ்கெட்ச்பேட்னு ஒரு புரோகிராம், அவரோட முனைவர் பட்ட ஆய்வுக்காக எழுதினார். அதுல ஒரு உருவத்தை ஒரு தடவை மூலமா வரைஞ்சு வெச்சுட்டு, அதையே பல இடங்கள்ல காட்டலாம். மூலத்துல ஒரு கோட்டை மாத்தினா எல்லா இடத்துலயும் மாறும். பிரதி எடுக்கலை, சுட்டிக்காட்டுது. இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

ஆனா இந்த யோசனை சாதாரண ஆபீஸ் மேஜைக்கு அப்படியே வந்து சேரலை. 1982ல கலிஃபோர்னியாவுல ஜான் வாக்கரும் நண்பர்களும் ஆட்டோடெஸ்க் ஆரம்பிச்சப்போ, ஆட்டோகேட் அவங்க கையில இருந்த பல புராடக்ட்கள்ல ஒண்ணு மட்டும்தான். மைக் ரிடில் எழுதின இன்டராக்ட்ங்கிற புரோகிராம்தான் அதுக்கு அடிப்படை. அந்த வருஷம் நவம்பர்ல லாஸ் வேகாஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில காட்டினாங்க. கூட்டம் அங்கேதான் கூடுச்சு.

ஆட்டோகேட்ல எல்லாத்தையும் நிஜ அளவுலயே வரையலாம். 10 மீட்டர் சுவர்னா 10 மீட்டர். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தாள்ல எழுத்து 2.5 மில்லிமீட்டர் உயரம் இருக்கணும், ஸ்கேல் 1:100 என்றால், எழுத்தை 250 மில்லிமீட்டர் உயரத்துல எழுதணும். டைட்டில் பிளாக்கையும் நூறு மடங்கு பெரிசாக்கி, வீட்டைச் சுத்தி ஒரு ராட்சச சட்டம் மாதிரி போடணும். அதே ஷீட்ல கதவு டீட்டெயில் 1:10ல வேணுமா? கதவை மட்டும் பிரதி எடுத்து பத்து மடங்கு ஊதி ஓரமா வைக்கணும். இப்போ அந்தப் பிரதிக்கும் அசல் கதவுக்கும் சம்பந்தம் கிடையாது. அசலை மாத்தினா டீட்டெயில் மாறாது. மறந்தா, தச்சர் ஒரு அளவுல செய்வார், கொத்தனார் இன்னொரு அளவுல ஓட்டை விடுவார்.

1988ல வந்த ரிலீஸ் 10ல திரையைத் தரையில ஓடு பதிச்ச மாதிரி பல கட்டமாப் பிரிச்சு, ஒரே மாடலை மேலேருந்து, பக்கத்துலருந்து, முப்பரிமாணத்துல எல்லாம் பாக்கலாம்னு ஆச்சு. ஆனா பிளாட் போட்டா அதுல ஒரே ஒரு கட்டம்தான் தாள்ல வரும். பாக்கறதுக்கு நாலு, எடுத்துட்டுப் போக ஒண்ணு!

1990ல ரிலீஸ் 11. என்னைக் கேட்டா இந்தக் கதையோட இதயம் இதுதான். ரெண்டு உலகம் உருவாச்சு. பொருள் இருக்கிற மாடல் ஸ்பேஸ், தாள் இருக்கிற பேப்பர் ஸ்பேஸ். தாள் நிஜ அளவுத் தாள், எழுத்து அதே 2.5 மில்லிமீட்டர். அந்தத் தாள்ல வியூபோர்ட்னு சொல்ற ஓட்டைகளை வெட்டி, அது வழியா மாடலைப் பாக்குறோம். ஒரு ஜன்னல்ல 1/100 எக்ஸ்பினு ஜூம் கொடுத்தா 1:100. பக்கத்து ஜன்னல்ல அதே கதவு 1:10ல. ரெண்டு ஜன்னல், ஒரே கதவு. கதவை மாத்தினா ரெண்டுலயும் மாறும். சதர்லேண்ட் சொன்ன சுட்டிக்காட்டுற விஷயம்தான், 27 வருஷம் கழிச்சு தாளோட கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்துச்சு. எக்ஸ்ரெஃப்பும் இதே ரிலீஸ்லதான் வந்தது.

ஆனா அதுக்குள்ள போற வழியைப் பாருங்க: டைல்மோட்னு டைப் பண்ணி பூஜ்யம் கொடுக்கணும். அந்தப் பேர் முன்னாடி சொன்ன ஓடு பதிச்ச கட்டங்களைக் குறிக்குது. அதாவது, "தாளுக்குப் போ"ன்னு சொல்றதுக்குப் பதிலா "ஓடு மாதிரி அடுக்காதே"ன்னு சொல்லணும். எழுதின புரோகிராமருக்கு அது இயல்பா தோணியிருக்கும். எனக்கும் இப்படிப் பேர் வெச்ச அனுபவம் இருக்கு, அதனால திட்ட மாட்டேன். ஆனா நிறைய பேர் பேப்பர் ஸ்பேஸ் பக்கமே போகலை. போனவங்களுக்கும் ஒரு ஃபைலுக்கு ஒரே ஒரு பேப்பர் ஸ்பேஸ்தான். பத்து ஷீட் வேணும்னா, பத்து பார்டரைப் பக்கத்துல பக்கத்துல வரிசையா வைக்கணும், இல்லைன்னா பத்து ஃபைல்.

அதை மாத்தினது 1999ல வந்த ஆட்டோகேட் 2000. திரைக்குக் கீழே மாடல், லேஅவுட்1, லேஅவுட்2னு டேப்கள். ஒவ்வொரு டேபும் தனித் தாள், தனக்குன்னு பிளாட்டர், தாள் அளவு எல்லாம் வெச்சுக்கும். டைல்மோட் எங்கேயும் போகலை, டேபைச் சொடுக்கினா உள்ளுக்குள்ள மாறுறது அதே மாறிதான். ஆனா சொடுக்கறதுக்கு ஒரு இடம் கிடைச்சது, அதுக்கு ஒரு பேர் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம், ஜனங்க உள்ளே வந்துட்டாங்க.

வந்தவங்க சும்மா இருப்பாங்களா? டேபைப் பிரதி எடுத்தா 'லேஅவுட்1 (2)'ன்னு தானாப் பேர் வரும். யாரும் மாத்த மாட்டாங்க. முப்பது டேப் ஆனதும் பேரை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது, ஒவ்வொண்ணாத் திறந்து பாக்கணும். பெரிய வரைபடத்துல ஒவ்வொரு டேபையும் திறக்கறதுன்னா மாடலைத் திரும்பக் கணக்குப் போட்டு வரையணும். காத்திருக்கணும். அப்போ மனுஷனுக்கு என்ன தோணும்? திறக்காமலே பாக்க ஒரு படம் இருந்தா தேவலைன்னு தோணும்.

படம் ஃபைலுக்குள்ள ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. டிடபிள்யூஜி ஃபைலோட முதல் 6 பைட் அது எந்த வெர்ஷன்னு சொல்லும். ஏசி1015ன்னு இருந்தா ஆட்டோகேட் 2000 வகை. 1990களின் நடுவுல வந்த ரிலீஸ் 13 காலத்துலருந்து, ஃபைல் தொடக்கத்துலருந்து 13 பைட் தள்ளி ஒரு முகவரி இருக்கும். அந்த முகவரிக்குப் போனா ஒரு குட்டிப் படம். ஃபைல் திறக்கிற டயலாக்ல தெரியறது அதுதான். எந்தக் கோட்டையும் கணக்குப் போடாம, நேரா அங்கே குதிச்சு படத்தை எடுத்துக் காட்டிடலாம். புத்திசாலித்தனமான வேலை. எங்க பாஷையில சொன்னா, கேஷ். கேஷ்னாலே அடுத்த கேள்வி, எப்போ புதுப்பிக்கிறது?

2004ல வந்த ஆட்டோகேட் 2005 ஷீட் செட் மேனேஜரைக் கொண்டுவந்தது. பல ஃபைல்கள்ல இருக்கிற லேஅவுட்களை ஒரே பட்டியல்ல கோத்து வைக்கலாம், மவுஸை வெச்சா முன்னோட்டப் படம் வரும். ஆட்டோகேட் 2009ல குவிக் வியூ. திரைக்குக் கீழே லேஅவுட்கள் ஃபிலிம் சுருள் மாதிரி படங்களா வரிசையா நிக்கும், படத்து மேலேயே பிளாட் பட்டன் கூட இருந்தது. ஆட்டோகேட் 2014ல மேலே ஃபைல் டேப், அதுல மவுஸை வெச்சா அந்த ஃபைலோட எல்லா லேஅவுட்டும் படமா இறங்கும். ஒரு தடவை கூடத் திறக்காத லேஅவுட்டுக்குப் படமே இருக்காது, வெறும் ஐகான்தான். என் பார்வையில அந்த வெறும் ஐகான்தான் அங்கே இருக்கிறதுலேயே நேர்மையானது. தெரியாததைத் தெரியாதுன்னு காட்டுது.

மத்த படங்கள் எல்லாம் எப்போ எடுத்ததுன்னு சொல்றதில்லை. அப்டேட்தம்ப்நெயில்னு ஒரு சிஸ்டம் வேரியபிள் இருக்கு. 1, 2, 4, 8, 16னு அஞ்சு சுவிட்சைக் கூட்டின எண் அது. ஷீட்டுகளோட படமா, வியூக்களோட படமா, மாத்தும்போது எடுக்கணுமான்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுவிட்ச். தொடக்க மதிப்பு 15. கூட்டிப் பார்த்தா, விட்டுப்போனது 16. அந்த 16தான் "சேவ் பண்ணும்போது படங்களைப் புதுப்பி". காரணம் புரியுது. பெரிய ஃபைல்ல ஒவ்வொரு சேவுக்கும் முப்பது ஷீட்டை வரைஞ்சு படம் எடுத்தா, கன்ட்ரோல் எஸ் அழுத்திட்டு டீ குடிக்கப் போகலாம்.

என் தோழியோட ஷீட் ஃபைல்ல 16ஐச் சேர்த்திருந்தாலும் அன்னைக்கு உதவியிருக்காது. பையன் மாத்தினது பிளான் ஃபைலை. ஷீட் ஃபைலை யாரும் திறக்கவே இல்லை, அதனால அதோட படத்துக்கு விஷயமே தெரியாது. ஷீட்டைத் திறந்திருந்தா ஜன்னல் வழியா புதுப் படிக்கட்டு தெரிஞ்சிருக்கும். பிளாட்டர் பார்த்தது ஜன்னலை, அவ பார்த்தது போட்டோவை.

அவ ஆபீஸ்ல இப்போ ஒரு வழக்கம் வந்திருக்காம். பிரிண்டுக்கு முன்னாடி ஷீட் ஃபைலைத் திறந்து, எக்ஸ்ரெஃபை ரீலோட் பண்ணி, அப்டேட்தம்ப்ஸ்நவ்னு ஒரு கட்டளை டைப் பண்ணி, சேவ் பண்றாங்க. கட்டளைப் பேரிலேயே 'நவ்' இருக்கிறதை அவதான் எனக்குச் சொன்னா. "அப்போ இத்தனை நாள் காட்டினது எப்போ எடுத்ததுடா?"ன்னு கேட்டா.