கழுத்து வலிக்கு ஓர் அளவுகோல் பிறந்த கதை

கழுத்து வலி என்று போனால் ஒரு பிசியோதெரபிஸ்ட் டிராக்‌ஷன் போட்டு இழுப்பார். இன்னொருவர் கரண்ட் வைப்பார். மூன்றாமவர் கையாலேயே மூட்டை மெல்ல அசைத்துவிடுவார். நான்காமவர் மோவாயை உள்ளே இழுக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நான்கில் எது தேவலை?

பதில் சொல்ல முதலில் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு. வலிக்கு அப்படி ஒன்று இல்லை. எக்ஸ்ரேயை நம்பவும் முடியாது. படத்தில் தேய்மானம் பளிச்சென்று தெரிகிறவர் வலியே இல்லாமல் நடமாடுவார். படம் சுத்தமாக இருக்கிறவர் ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார். கழுத்து எத்தனை டிகிரி திரும்புகிறது என்று அளந்து பார்க்கலாம். ஆனால் அந்த டிகிரிக்கும் அவர் வேலைக்குப் போக முடிவதற்கும் நேர்க்கணக்கு கிடையாது.

வழி பிறந்தது முதுகு வலியிலிருந்து. இங்கிலாந்தின் ஓஸ்வெஸ்ட்ரி என்ற சிறு நகரில் பெயர்பெற்ற எலும்பு மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அங்கே உருவான ஒரு கேள்வித்தாளை ஜெரமி ஃபேர்பேங்கும் அவருடைய சகாக்களும் 1980-ல் வெளியிட்டார்கள். எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பதோடு அது நிற்கவில்லை. வலியால் எதெல்லாம் முடியாமல் போயிற்று என்று துருவியது. நடை, உட்கார்தல், நிற்றல், தூக்கம் என்று பத்துத் தலைப்புகள்.

கனடாவின் டொரண்டோ நகரில் கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் சரிசெய்யும் முறையைக் கற்பிக்கும் கல்லூரி ஒன்றில் இருந்த ஹோவர்ட் வெர்னன் இதைக் கழுத்துக்குத் தைத்துக்கொடுத்தார். சில்வானோ மியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1991-ல் வெளிவந்தது. வலியின் அளவு, குளிப்பது உடுத்துவது, பாரம் தூக்குவது, தூக்கம் ஆகியவை அப்படியே தங்கின. நடையும் நிற்றலும் போய், படிப்பு, தலைவலி, கவனம், வேலை ஆகியவை வந்தன. குனிந்து புத்தகம் பார்ப்பவருக்கும் தலைவலியோடு கணக்கு எழுதுபவருக்கும்தானே கழுத்தின் அருமை தெரியும்! நெக் டிசபிலிட்டி இண்டெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

பாரம் தூக்கும் கேள்வியை மட்டும் பாருங்கள். கனமானதை வலி கூடாமல் தூக்கினால் 0. தூக்கலாம், ஆனால் வலி கூடுகிறது என்றால் 1. தரையிலிருந்து எடுக்க முடியாது, மேசைமேல் வசதியாக இருந்தால் முடியும் என்றால் 2. இப்படியே இறங்கி, எதையுமே தூக்க முடியாது என்றால் 5. பத்துக் கேள்விக்கும் சேர்த்து 50. நாலுக்குள் இருந்தால் பாதிப்பு இல்லை. 14 வரை லேசு. 24 வரை நடுத்தரம். 34 வரை கடுமை. அதற்கு மேல் முழு முடக்கம்.

கார் மோதலில் கழுத்து வெட்டி இழுத்த 17 பேரிடம் இதை இரண்டு முறை கொடுத்துப் பார்த்தார்கள். விடைகள் பெரிதாக மாறவில்லை. அளவுகோல் தேறியது.

கைரோபிராக்டர்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் ஒரே நோயாளிக்காகப் போட்டி போடுகிற தொழில்காரர்கள். ஆனாலும் அமெரிக்க பிசியோதெரபிஸ்ட்டுகள் 2008-ல் வெளியிட்ட கழுத்து வலி வழிகாட்டி இந்தத் தாளைப் பரிந்துரைத்தது. கைவைத்தியமா, பயிற்சியா, இரண்டுமா என்ற ஆராய்ச்சிகளில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இதுதான் அதிகம் நிரப்பப்படுகிறது. நம்மூர் பிசியோதெரபி கல்லூரி ஆய்வேடுகளிலும் அடிக்கடி கண்ணில் படும்.

ஒரு சங்கடம் உண்டு. பத்தில் ஒரு கேள்வி கார் ஓட்டுவது பற்றியது. ஸ்டியரிங்கையே தொட்டிராத ஒருவர் அதை வெறுமையாக விட்டால் 45-க்கு மார்க் போட்டு, சதவீதமாக மாற்றிக்கொள்வது வழக்கம். கணக்குச் சரியாகிவிடும். ஆனால் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பதையும், இடுப்பில் குடம் சுமப்பதையும் அந்தத் தாள் தனியாகக் கேட்பதில்லை. இரண்டு சிகிச்சையை ஒப்பிட அதன் கூட்டுத்தொகை போதும். எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருவருக்குக் குணமாகிவிட்டதா என்று தெரிய, அவர் நாள் முழுக்க என்ன வேலை செய்கிறார் என்று பிசியோதெரபிஸ்ட் வாய்விட்டுக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.