கலவாமை காக்கும் ஆலை: அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரியும் தாமிரபரணிப் பாசனப் பருவங்களும்

எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விளிசைட்ஸ் ஆகிய நால்வரும் 1994இல் தொகுத்தளித்த 23 மென்பொருள் வடிவமைப்புப் பாங்குகளுள் அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி என்பதும் ஒன்று. பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒருவகைப் பொருள்களின் அமைப்பை வரையறுக்கும் அச்சு வகுப்பு எனப்படும். செயல்களின் பெயர்களை மட்டும் அறிவித்துவிட்டு, அவற்றை நிறைவேற்றும் பொறுப்பை வகுப்புகளிடம் விடுவது இடைமுகம் எனப்படும். ஒன்றோடொன்று பொருந்தவேண்டிய பல பொருள்களை ஒரு குடும்பமாகக் கருதி, அக்குடும்பத்தின் உறுப்பினர் அனைவரையும் ஆக்கித்தரும் செயல்களை ஒரே இடைமுகத்தில் அறிவித்து, குடும்பத்துக்கொரு வகுப்பு அவற்றை நிறைவேற்றுமாறு செய்வதே இப்பாங்கு. அவ்வகுப்பு ஆலை எனப்படுகிறது. பொருள் ஆக்கப்படும் விதத்தைப் பயனரிடமிருந்து மறைப்பதே இதன் பயன் என்று வகுப்பறைகளில் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. மறைப்பு மட்டுமே நோக்கமென்றால் அதற்கு எளிய வழிகள் பல உண்டு. ஒரு குடும்பத்தின் உறுப்பு இன்னொரு குடும்பத்தோடு கலந்துவிடாமல் காப்பதே இதன் உயிர்ப்பணி என்பதும், கலப்பால் தீங்கு விளையாத இடத்தில் இது வெறும் சுமை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சோதிக்கத் தாமிரபரணிப் பாசனம் தக்க களமாகும். எட்டு அணைக்கட்டுகளின் வழியே 86,107 ஏக்கர் பாயும் இப்பாசனத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான கார், அக்டோபரில் தொடங்கும் பிசானம் என்னும் இரு நெற்பருவங்கள் நெடுங்காலமாக நிலைத்துள்ளன. காருக்குத் தென்மேற்குப் பருவமழையால் நிரம்பும் பாபநாசம் அணையே முதன்மையான ஆதாரம். பிசானமோ வடகிழக்குப் பருவமழையையும் அதனால் பெருகும் மணிமுத்தாறு அணையையும் சேர்த்து நம்புவது. இப்பருவங்களுக்குரிய சாகுபடித் திட்டத்தை வகுக்கும் ஒரு மென்பொருளை மாதிரிக்காக எண்ணிப்பார்த்தால், நெல் ரகத்தின் வயது, தண்ணீர் திறப்பு அட்டவணை, அறுவடை நாள் ஆகிய மூன்றும் ஒவ்வொரு பருவத்திலும் தம்முள் கட்டுண்டவை என்பது விளங்கும். ஜூன் நடுவில் நாற்று பாவப்படும் 110 நாள் ரகம் அக்டோபர் தொடக்கத்தில் களத்துக்கு வந்துவிடும். கார் அட்டவணையோடு தவறிப்போய் 135 நாள் ரகம் இணைக்கப்பட்டால், கதிர் முற்றி நிற்கும் வேளையில் ஐப்பசி அடைமழை வந்து சேரும். ரகமும் சரியானது, அட்டவணையும் சரியானது. இரண்டையும் சேர்த்ததே பிழை. தனித்தனியாகச் சோதித்தால் அகப்படாத இவ்வகைப் பிழையை, ரகத்தையும் அட்டவணையையும் ஒரே கார் ஆலையிலிருந்து பெறவேண்டும் என்னும் நியதி நிரலின் அமைப்பிலேயே தடுத்துவிடுகிறது.

அணைகளில் இருப்பு மிகுந்த ஆண்டுகளில் ஏப்ரலிலேயே தண்ணீர் திறந்து முன்கார் சாகுபடி செய்வதும் இப்பள்ளத்தாக்கின் வழக்கம். மாதிரி மென்பொருளில் இதற்கு முன்கார் ஆலை என்னும் புதிய வகுப்பு ஒன்றைச் சேர்த்தால் போதும். ஏனைய நிரல் எதையும் தொடவேண்டியதில்லை. இப்பாங்கின் புகழுக்குக் காரணம் இந்த எளிமைதான். ஆனால் 2016இல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது போன்ற மாற்றம் நேரும்போது நிலைமை தலைகீழாகும். அத்திட்டத்தில் உணவுப் பயிர்களுக்கு விவசாயி செலுத்தவேண்டிய பங்கு, காப்பீட்டுத் தொகையில் காரிஃப் பருவத்துக்கு 2 விழுக்காடு, ராபி பருவத்துக்கு 1.5 விழுக்காடு என்று வேறுபடுவதால், காப்பீடும் பருவக் குடும்பத்தின் உறுப்பாகிவிடுகிறது. புதிய உறுப்புக்காக இடைமுகத்தில் ஒரு செயலைச் சேர்த்தவுடன் கார், பிசானம், முன்கார் என எல்லா ஆலைகளையும் திறந்து திருத்தவேண்டும். பொருந்தும் திட்டம் ஏதும் இல்லாத பருவம் இருந்தால், அதன் ஆலையும் வெறுமையாகவேனும் ஒரு விடை தந்தாகவேண்டும். ஆகவே குடும்பங்கள் பெருகும் துறைக்கு இப்பாங்கு இசைவானது. உறுப்புகள் பெருகும் துறைக்கு இடையூறானது. இவ்விரண்டில் எது நிகழப்போகிறது என்பதை மொழியறிவு சொல்லாது, துறையறிவே சொல்லும் என்பதால், பாசன உதவியாளர் ஒருவரோடு அரைநாள் பேசுவது நிரலருக்குப் பாடநூலைவிடப் பயன்படக்கூடும்.

வேறொரு மறுப்பும் எண்ணத்தக்கது. லிஸ்ப், டைலன் போன்ற மொழிகளில் இந்த 23 பாங்குகளுள் 16 மறைந்துபோகின்றன அல்லது மிக எளிமையாகின்றன என்று பீட்டர் நார்விக் 1996இல் எடுத்துக்காட்டினார். வகுப்பையே ஒரு மதிப்பாகக் கையாள இயலும் மொழியில் ஆலைக்கெனத் தனி வகுப்பு தேவையில்லை என்பது அவர் கூற்றின் சாரம். இது வடிவத்தைப் பற்றிய மறுப்பேயன்றித் தேவையைப் பற்றியதன்று. பைத்தான் நிரலில் ஓர் அகராதி அமைப்பே ஆலையின் வேலையைச் செய்துவிடலாம். ஆயினும் பிசான ரகமும் கார் அட்டவணையும் சேரக்கூடாது என்னும் கட்டுப்பாடு அங்கும் எங்கேனும் எழுதப்பட்டாகவேண்டும்.

இக்கட்டுப்பாட்டை மிகைப்படுத்துவதும் தவறே. குறுகிய கால ரகத்தைப் பிசானத்தில் நடுவதால் பயிர் அழிவதில்லை. அவ்வாறு நடுவோரும் உண்டு. ஆகவே ரகப் பட்டியலை ஆலை முழுதாகப் பூட்டிவைக்காமல், வயது வரம்பை மட்டும் காப்பதே பொருத்தம். அணைக்கட்டுகளின் நிலை வேறு. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டும் ஆயக்கட்டின் பரப்பிலும் கால்வாயின் கொள்ளளவிலும் வேறுபடுகின்றனவேயன்றி, தண்ணீரைத் திருப்பிவிடும் செயலில் வேறுபடவில்லை. மருதூருக்கு ஓர் ஆலையும் சுத்தமல்லிக்கு ஓர் ஆலையும் எழுதுவது வீண். எட்டு வரிசை கொண்ட ஓர் அட்டவணை அதற்குப் போதும்.