பொம்மை வீட்டின் கதவு

நவீன நாடகங்களில் வீடு ஓர் உருவகமாகவே ஆளப்பட்டு வந்துள்ளது. இதற்குத் தலையாய சான்றாக நான் கருதுவது, நார்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன் எழுதிய 'பொம்மை வீடு'. 1879 டிசம்பர் 21ஆம் நாள் கோப்பன்ஹேகன் அரச அரங்கில் அது முதன்முதலாக மேடையேறியது.

நாடகம் முழுவதும் ஒரே கூடத்தில் நிகழ்கிறது. கணவனின் உயிரைக் காக்க, தந்தையின் கையொப்பத்தைத் தானே இட்டுக் கடன் பெற்றவள் நோரா. கணவனின் ஒப்புதலின்றி மனைவி கடன் வாங்க இயலாத காலம் அது. உண்மை வெளிப்பட்டதும் அவன் தன் நற்பெயரையே எண்ணிச் சினக்கிறான். இவ்வீட்டில் தான் வெறும் பொம்மையாகவே இருந்ததை உணர்ந்து அவள் வெளியேறுகிறாள். கதவு சாத்தப்படும் ஓசையுடன் நாடகம் முடிகிறது.

அம்முடிவைப் பலரால் பொறுக்க இயலவில்லை. செருமனியில் நோராவாக நடிக்கவிருந்த நடிகை, பிள்ளைகளைப் பிரியும் தாயாக நடிக்க மறுத்தார். பிறர் சிதைத்துவிடுவர் என்று அஞ்சிய இப்சன், 1880இல் தாமே வேறு முடிவு எழுதித் தந்தார். அதில் நோரா வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். அம்மாற்றத்தை நாடகத்துக்கு இழைத்த கொடுமை என்று அவரே கண்டித்தார். நார்வேயில் மணமான பெண்டிர் சட்டப்படி தன்னுரிமை பெற்றது 1888இல்தான்.

நம் மொழியையும் சற்றே எண்ணிப் பாருங்கள். மனையிலிருந்து மனைவி, இல்லிலிருந்து இல்லாள். பெண்ணின் பெயரிலேயே வீடு அமைந்துவிட்டது. எனினும், 'விடு' என்னும் வினையிலிருந்து பிறந்த 'வீடு' என்னும் சொல்லுக்கு விடுதலை என்ற பொருளும் உண்டு. நோரா தேடிச் சென்றது அந்த வீட்டையே என்பேன்.