ஒரு தொட்டிலும் இரு கோயில்களும்



உத்தமபாளையத்தில் நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், எங்கள் பள்ளியின் கணித ஆசிரியரும் தமிழாசிரியையும் கணவன் மனைவியர். அவர் பெரியகுளத்துக்காரர், தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்தவர். அம்மையார் இராயப்பன்பட்டிக் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர். தலைப்பிள்ளை பிறந்து மூன்று திங்களாகியும் ஞானஸ்நானம் நடைபெறவில்லை. எந்தக் கோயிலில் நடத்துவது என்பதே வழக்கு. தொட்டிலைப் பார்க்க வரும் பாட்டிமார் இருவரும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

ஒருநாள் மாலை அவ்விருவரும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தனர். "ஐயா, நீங்கள் வரலாறு கற்பித்தவர், எங்கள் இரு சபைகளையும் சாராதவர். நீங்களே சொல்லுங்கள்" என்றனர். தீர்ப்புக் கூற எனக்கு என்ன தகுதி? ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு, நூலகத்தை நாடினேன். அவ்வாரத்திற் கற்றதையே இன்று உங்களுக்குக் கூற முற்படுகிறேன்.

மதுரைச் சீமைக்கு ராபர்ட் தெ நொபிலி என்னும் சேசு சபைத் துறவி வந்தது 1606-இல். அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் பணி தொடங்கிப் பின்னர்ப் பெரியகுளத்திலும் நிலையம் அமைத்தது. இங்ஙனம் ஒரே பள்ளத்தாக்கில் இரு மரபுகள் அடுத்தடுத்து வேரூன்றின. இரு கோயில்களிலும் குழந்தைக்கு நீரே வார்க்கின்றனர்; தந்தை, மகன், பரிசுத்த ஆவி என்னும் அதே நாமத்தையே சொல்கின்றனர். அப்படியாயின் பிணக்கு எங்கே?

மூன்றாம் நூற்றாண்டிலேயே இவ்வினா எழுந்தது. திருச்சபையினின்று பிரிந்தோர் அளித்த ஞானஸ்நானம் செல்லாது, மீண்டும் அளித்தல் வேண்டும் என்றார் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியன். வேண்டியதில்லை என்றார் ரோமாபுரியின் ஆயர் ஸ்தேவான். மேலை நாட்டுத் திருச்சபையில் ரோமாபுரியின் கொள்கையே நிலைபெற்றது. எனவே முறையாக ஒருமுறை வார்த்த நீரை மறுமுறை வார்ப்பதில்லை. அவசர வேளையில், தக்க நோக்கமுடைய எவரும், கிறித்தவரல்லாதாரும் கூட, ஞானஸ்நானம் அளிக்கலாம் என்று கத்தோலிக்கச் சட்டம் கூறுகிறது. இதைப் படித்தபோது நான் வியப்புற்றேன். எங்கள் ஊர் மருத்துவமனைச் செவிலியர் எவரும் அதனைச் செய்யலாம் அன்றோ!

ஆகவே சண்டை நீரைப் பற்றியதன்று. குழந்தை எந்தச் சபையின் பதிவேட்டில் ஏறும், எந்தச் சபையில் வளரும் என்பதைப் பற்றியதே. ஐரோப்பாவின் சில பகுதிகளில் மகன் தந்தை வழி, மகள் தாய் வழி என்று பங்கிட்டுக்கொண்டனர். பிரஷ்ய அரசோ பிள்ளைகள் தந்தையின் சமயத்தையே பின்பற்றுக என்றது. கலப்பு மணங்களில் பிள்ளைகள் கத்தோலிக்கராக வளர்வதற்கு வாக்குறுதி வேண்டும் என்று நின்ற கொலோன் பேராயரை 1837-இல் சிறைப்படுத்தியது. அயர்லாந்தின் பெத்தார்டு என்னும் சிற்றூரில் 1957-இல் நடந்தது இன்னும் வருந்தத்தக்கது. கத்தோலிக்கக் கணவரை மணந்த புராட்டஸ்டண்டுப் பெண்மணி பிள்ளைகளின் பள்ளி குறித்த பிணக்கால் அவர்களோடு ஊரை விட்டகன்றார். அதற்காக அவ்வூர்ப் புராட்டஸ்டண்டு வணிகரின் கடைகளை மற்றவர்கள் புறக்கணித்தனர். கடைக்காரர் செய்த பிழை யாதோ!

நம் நாட்டு நீதிமன்றங்களும் இத்தகைய வினாவைக் கண்டுள்ளன. பொதுவாகக் குழந்தைக்குத் தந்தையின் சமயமே உரியதெனக் கொள்ள வேண்டும் என்று, இந்தியாவிலிருந்து சென்ற ஸ்கின்னர் வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் 1871-இல் கூறியது. அது இரு மதங்களுக்கிடையே எழுந்த வழக்கு. இரு சபைகளுக்கிடையே அன்று.

இனி, என் நண்பர்களின் முடிச்சுக்கு வருவோம். கணவரின் தாயார் அத்துணை உறுதியாக மறுத்ததற்குக் காரணம் ஒன்று இருந்தது. அவர் தங்கை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கத்தோலிக்கர் ஒருவரை மணந்தவர். 1917-ஆம் ஆண்டுச் சட்டப்படி மணமக்கள் இருவருமே, பிறக்கும் பிள்ளைகள் அனைவரையும் கத்தோலிக்கராகவே வளர்ப்போம் என உறுதிகூற வேண்டும். அதைப் பொதுவாக எழுத்து மூலமாகவே பெறுவர். தங்கை கையெழுத்திட்ட நாளை மூதாட்டியார் மறக்கவில்லை. தம் மகனும் அவ்வாறே எழுதிக் கொடுத்துவிட்டான் என்று கருதியிருந்தார்.

ஆனால் சட்டம் மாறியிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், 1970-இல் போப் ஆறாம் பவுல் கத்தோலிக்கத் துணைவர் மட்டும் தம்மால் இயன்றதனைத்தையும் செய்வதாக உறுதியளித்தால் போதும் என்றார். மற்றவருக்கு அதனை அறிவித்தால் போதும். 1983-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே கொண்டது. அதே 1970-இல் நாகபுரியில் உருவான வட இந்தியத் திருச்சபை, குழந்தை ஞானஸ்நானம், வளர்ந்தபின் பெறும் ஞானஸ்நானம் ஆகிய இரண்டையும் ஒரே கூரையின்கீழ் ஏற்றது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இரு தரப்பாரும் கூடி உழைத்தனர். திருமுழுக்கு என்னும் சொல் அதில் இடம்பெற்றது. தமிழாசிரியைக்கு அச்சொல் மிகப் பிடித்திருந்தது.

இவற்றையெல்லாம் திண்ணையில் எடுத்துரைத்தேன். "அப்படியானால் நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லையா?" என்றார் கணித ஆசிரியர். "இல்லை, வாக்களித்தவர் உம் மனைவியே" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு மனைவியை நோக்கி, "நீ கொடுத்த வாக்கை நானே முறிப்பது எங்ஙனம்?" என்றார்.

இராயப்பன்பட்டியில் திருமுழுக்கு நடந்தது. தென்னிந்தியத் திருச்சபை ஆயர் அழைப்பின்பேரில் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். அடுத்த ஞாயிறு பெரியகுளத்தில் நன்றி வழிபாடு. மூதாட்டியார் இரண்டிற்கும் வரவில்லை. கிறிஸ்துமசு நாளன்று தான் பேரனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார் என்று பின்னர்க் கேள்விப்பட்டேன்.