அடைக்கோழியும் அப்பத்தாவின் சிறுவாடும்

எங்கள் வீட்டுச் செவலைக்கோழி அடைக்கு உட்கார்ந்து இன்றோடு மூன்று நாள். கூடைக்குள் ஒரு முட்டைகூட இல்லை. தூக்கி வெளியே விட்டால் சிலிர்த்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு, திரும்ப அதே வெறுங்கூடையில் போய்ப் படுத்துக்கொள்கிறது. "ஒண்ணு அடை வை, இல்லாட்டி தெளிய வை. சும்மா விட்டு இளைக்க விடாதே" என்கிறார் அப்பத்தா.

நான் பி.காம் ஆயிற்றே, கணக்குத்தான் முதலில் தோன்றியது :-) நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். பொரிக்க 21 நாள், அப்புறம் குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம். அதுவரை முட்டை கிடையாது. ஆகமொத்தம் வருடத்துக்கு 50, 60 முட்டை தேறினால் பெரிது. பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் வகைக் கோழியோ 300 வரை இடுகிறது. காரணம், அது அடைக்கே உட்காருவதில்லை.

அப்படியானால் அடைக்கோழி நஷ்டமா? அப்பத்தாவிடம் கேட்டால் சிரிப்பார். அவர் காலத்தில் அடைக்கோழிதான் குஞ்சு பொரிக்கும் மெஷின். முட்டை விற்ற காசும் குஞ்சு விற்ற காசும் தாத்தா கைக்குப் போகாது, அஞ்சறைப்பெட்டிக்குப் போகும். அதுதான் சிறுவாடு. அத்தைக்குக் காதில் போட்ட முதல் தோடு அந்தக் காசில் வாங்கியதாம்.

கோழி இல்லாமலே குஞ்சு பொரிக்கும் வித்தை மிகப் பழையது. எகிப்தில் சாணத்தின் சூட்டில் முட்டை பொரிப்பதை கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். பின்னாளில் அங்கே செங்கல் அடுப்பறைகள் கட்டி, ஆயிரக்கணக்கில் பொரித்தார்கள். தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையைக் கண் இமையில் வைத்தே சூடு பார்ப்பார்களாம்! பிரான்சில் ரியோமூர் 1749இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்காவின் பெட்டலூமாவில் 1879இல் லைமன் பைஸ் செய்த இன்குபேட்டர், இதை வியாபாரமாகவே ஆக்கிவிட்டது.

மெஷின் வந்ததும் தாய்க்கோழிக்கு வேலை போயிற்று. அடைக்கு உட்காராத கோழிகளாகப் பார்த்து இனம் பெருக்கினார்கள். இந்தியாவில் 1971இல் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ், 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, கூடவே நாமக்கல்லின் எழுச்சி. முட்டை நமக்கெல்லாம் மலிவாகக் கிடைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் புறக்கடையில் இருந்த வரவு பண்ணைக்குப் போய்விட்டது. அதில் சிறுவாடு ஏது?

அடை என்பது கோழியின் பிடிவாதம் அல்ல. ஆஸ்கர் ரிடிலும் அவரோடு சேர்ந்தவர்களும் 1935இல் புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் செலுத்திக் கோழிகளை அடைக்கு உட்கார வைத்துக் காட்டினார்கள். அடைக்கோழியின் வயிற்றில் இறகு உதிர்ந்து தோல் தெரியும். கூடும் முட்டையும் அங்கே படப்பட அந்த ஹார்மோன் குறையாமல் இருக்கும். கூட்டைப் பிரித்துவிட்டால் இறங்கிவிடும். அப்பத்தா கூடையை ஒளித்துவைத்து, கோழியை நாலு நாள் வெறுந்தரையில் பஞ்சாரத்தில் கவிழ்த்துப் போடுவது சரியான வைத்தியம்தான். தண்ணீரில் முக்குவதும் உண்டு. சிலர் கோழியின் மூக்கில் அதன் இறகையே செருகிவிடுவார்கள். அது வைத்தியம் இல்லை, வதை.

சரி, எங்கள் செவலைக்கு என்ன செய்வது? அடை வைக்கலாம் என்றால் பொங்கலோடு சேவலை விற்றாயிற்று. கடை முட்டையை வைத்தால் ஆகாது, பண்ணையில் சேவலே கிடையாது. 21 நாள் காத்தாலும் கூமுட்டைதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மம்சாபுரத்தில் அத்தை வீட்டில் நல்ல சேவல் நிற்கிறது. முட்டைக்குக் காசு வாங்க மாட்டார், பொரித்ததில் இரண்டு குஞ்சு கேட்பார்.

"ஒத்தைப்படையா ஒம்பது வாங்கிட்டு வா. தவிட்டுல புதைச்சு எடுத்துட்டு வா, பஸ்ஸு குலுங்கும்" என்று தூக்குவாளியை நீட்டிவிட்டார் அப்பத்தா. நாளைக் காலை கிளம்புகிறேன்.