பலகை நெசவும் பழங்கரையும்

நோர்வே நாட்டின் தென்பகுதியில், தொன்ஸ்பர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஒசெபெர்க் என்னும் பண்ணையில் இருந்த ஒரு மண்மேடு 1904ஆம் ஆண்டில் அகழப்பட்டது. மேட்டினுள் ஒரு கப்பல். கப்பலினுள் இரு பெண்களின் எலும்புகள். ஈம அறைக்கு வெட்டிய மரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்த அறிஞர், அடக்கம் நடந்தது கி.பி. 834இல் எனப் பிற்காலத்தில் துணிந்தனர். அங்கே கிடைத்த பொருள்களுள் 52 சிறு பலகைகள் கொண்ட ஒரு கட்டும் இருந்தது. பலகைகளின் துளைகளில் நூல் கோத்தபடியே இருந்தது. யாரோ ஒருத்தி நெய்யத் தொடங்கி, முடிக்காது விட்ட நாடா அது.

சேலையின் கரை சேலையோடு சேர்ந்தே நெய்யப்படுவதை நாம் அறிவோம். இடைக்கால ஐரோப்பாவிலோ உயர்ந்த ஆடைகளின் கரையைத் தனி நாடாவாக நெய்து, பின்னர் தைத்துக்கொள்வதும் பெருவழக்கு. அந்நாடாக்களை நெய்யப் பெருந்தறி வேண்டியதில்லை. நான்கு மூலையிலும் துளையிட்ட சதுரப் பலகைகள் போதும். துளைக்கு ஒரு பாவிழை கோத்து, பலகைகளை அடுக்கிப் பிடித்துக் கால்வட்டம் திருப்பினால் மேலிழை கீழாகும், கீழிழை மேலாகும். இடையே திறக்கும் வழியில் ஊடையைச் செலுத்துவர். திருப்புந்தோறும் ஒரு பலகையின் நான்கு இழைகளும் முறுகிக் கயிறாகின்றன. ஆகவே இந்நாடா, ஊடையால் பிணைத்த கயிறுகளின் வரிசையே. அதன் உறுதிக்குக் காரணமும் இதுவே.

நேயர்களே, இக்கலையை அறிஞருலகுக்கு மீட்டுத் தந்தவர் மார்கரெத்தே லேமான்-பில்ஹேஸ் என்னும் ஜெர்மானியப் பெண்மணி. ஐஸ்லாந்தில் வழங்கிய முறையைத் துருவி ஆராய்ந்து, 1901இல் பெர்லினில் ஒரு நூல் வெளியிட்டார். ஒசெபெர்க் மேடு திறக்கப்பட்டது அதற்கு மூன்று ஆண்டுகளின் பின்னர்.

பழைய துண்டு ஒன்றைப் பார்த்து அவ்வாறே நெய்வது எப்படி? மேற்பரப்பில் இழை எப்பக்கம் சாய்கிறதென நோக்கினால், பலகையில் நூல் கோத்த விதமும் அதைத் திருப்பிய திசையும் புலப்படும். திசை மாறிய இடத்தில் இழை சற்று நீண்டு கிடக்கும். இங்கிலாந்தில் புனித கத்பர்ட்டின் கல்லறையிலிருந்து கிடைத்த, கி.பி. 909க்கும் 916க்கும் இடையில் செய்யப்பட்ட திருவுடைகளின் கரைகளை கிரேஸ் குரோபுட் அம்மையார் இவ்வாறு இழை இழையாக ஆராய்ந்தார்; அவருடைய கட்டுரை 1956இல் வெளிவந்தது.

படத்தை மாத்திரம் பார்த்துக் கோலத்தைப் பிரதிசெய்தல் போதாது என்பது என் கருத்து. பலகைகளை ஒரே திசையில் திருப்பிக்கொண்டே போனால், அவற்றின் பின்புறத்துப் பாவிலும் முறுக்கு ஏறி, வேலை தடைப்படும். கை தானே எதிர்த்திசையை நாடும். இதைக் கையால் உணராதவர், பழைய நாடாவில் காணும் திசைமாற்றம் ஒவ்வொன்றையும் அலங்காரமென்று கொள்ளக்கூடும்.

இழையின் பருமையும் ஒரு சிக்கல். சுவீடனில் பீர்க்கா என்னும் பழந்துறைமுகத்துக் கல்லறைகளில் பொன், வெள்ளிச் சரிகையோடு கிடைத்த பட்டு நாடாக்கள் பலவும் ஒரு விரலகலமும் இல்லாதவை. இழை இருமடங்கு பருத்தால் நாடாவும் இருமடங்கு அகன்றுவிடும். ஆதலின் முதலில் பருத்த கம்பளி நூலில் கோலம் பிடிபடும்வரை நெய்து பார்த்து, அதன் பின்னரே மெல்லிய பட்டிழையைத் தொடுவது நல்லது.